உப்புத் தண்ணி பட்ட தையல்

தலையில மீன் கூடையோட ராயபுரத்துலேர்ந்து காலடிப்பேட்டை வரைக்கும் தெருத் தெருவா நடந்து, நின்ன காலு இது. முட்டிக்குக் கீழ நரம்பெல்லாம் மண்புழு மாதிரி சுருண்டு பொடச்சிகினு வலி உயிரை வாங்குச்சு. கெட்டுப்போன நரம்பை உருவி எடுத்துட்டா சரியாப் பூடும்னாரு ஆஸ்பத்திரி டாக்டரு. எடுத்துடுங்கன்னேன். பயம் இல்லாமயா? காலு போனா கூடை போச்சு, கூடை போனா அடுப்பு போச்சு. அந்த பயத்துக்கு முன்னால கத்தி பயம் எம்மாத்திரம்.

தொடையிடுக்குல ஒரு வெட்டு, கணுக்கால்ல ஒரு வெட்டு. தையல் பிரிக்கிற வரைக்கும் தண்ணியே படக்கூடாதுன்னு நர்சம்மா படிச்சுப் படிச்சு சொல்லித்தான் வூட்டுக்கு அனுப்புனாங்க.

எங்க குப்பத்துல அது எடுபடுமா? தூண்டி முள்ளு குத்துனாலும் சரி, திருக்கை வாலு கிழிச்சாலும் சரி, ஆம்பளைங்க நேராப் போயி கடல்ல காலை வெச்சுகினு நிப்பானுங்க. உப்புத் தண்ணி பட்டா புண்ணு ஆறிடும், அவ்ளோதான் வைத்தியம். என் மாமியா ஒரு பானை கடல் தண்ணியை மொண்டாந்து, கட்டை அவுத்து, தையல் மேலயே ஊத்துச்சு. நர்சம்மா வேணாம்னாங்களேன்னேன். கடலை விட அவ பெரியவளான்னுச்சு. என் மேல இருந்த ஆசையிலதான் ஊத்துச்சு, அதுல எனக்கு சந்தேகமே கெடையாது.

அப்புறம் புட்சுது பேஜாரு. தொடையிடுக்கு வீங்கி, செவந்து, தையலு நடுவால சீழ் வடிஞ்சுது. குளிர் ஜுரம் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. கட்டுமரமெல்லாம் அந்த வாரம் வெறுங்கையா திரும்புதேன்னு ஊரே கடுப்புல இருந்துச்சு. ரெண்டையும் முடிச்சுப் போட எத்தினி நேரம் ஆவும்? பொம்பளை அன்னிய ஆம்பளைக்குத் தொடையைக் காட்டினா கடலம்மா பொறுப்பாளான்னு பேச ஆரமிச்சுட்டாங்க. குப்பத்துக்குத் தலைவரு, நாட்டாரே வாசல்ல வந்து நின்னு, மறுக்கா அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா, மீன் ஏலம் போடற எடத்துல உன் காலு படக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போனாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! அழுகிப் போற காலு என்னுது, தீர்ப்பு அவருதா? பட்டப்பகல்ல ரிக்சாவ அத்தினி பேரு எதிர்ல நிறுத்தி ஏறினேன். மூஞ்சை மூடிக்கல. மாமியாவும் பக்கத்துல ஏறி குந்திகிச்சு.

டாக்டரு தையலைப் பிரிச்சு சீழை எல்லாம் வழிச்சாரு. கண்ணுக்குத் தெரியாத கிருமி உள்ள பூந்துகிச்சு, பெரிய ரத்தக்குழாயை அது தொட்டிருந்தா காலோட உசுரும் போயிருக்கும்னு சொல்லி, பென்சிலின் ஊசி எழுதினாரு. இன்னா பட்டுச்சு இதுலன்னு கேட்டாரு. நாந்தான் கடல் தண்ணி ஊத்தினேன்னு மாமியா முன்னால வந்து நின்னுச்சு. ஊரு சாக்கடை பூரா விழற எடத்துலேர்ந்தா மொண்டாந்தீங்கன்னு அவரு கத்தினாரு.

மாமியா தலை குனியல. "அந்தத் தண்ணிலதான் எம் புள்ளைங்க புண்ணெல்லாம் ஆறிச்சு. அதுல சாக்கடைய வுட்டது யாரு, நானா?"

டாக்டரு பேனாவை மூடிட்டு எங்களை உக்காரச் சொன்னாரு.

ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்துப்போச்சு. ஆனா ஜுரம் வுட்டுச்சு, சீழ் வத்துச்சு, காலு நின்னுச்சு. நல்லா நடக்க வந்த ஒடனே கூடையை எடுத்துகினு நேரா ஏலம் போடற எடத்துக்குப் போனேன். பொம்பளைங்க வெலகினாங்க. நாட்டாரு கையை நீட்டி, கடலம்மா கோவத்துல கீறா, தள்ளி நில்லுன்னாரு.

"கோவம்னா அவளே என்னாண்ட சொல்லட்டும், நைனா. நடுவுல நீ இன்னாத்துக்கு?"

சொல்லிட்டு, அலை வந்து கணுக்காலைத் தொடற எடத்துல போய் நின்னேன். கூட்டமே பாத்துகினு இருந்துச்சு. அலை வந்துச்சு, போச்சு. நான் திரும்பி வந்து ஒரு கூடை சங்கரா மீனுக்கு ஏலம் கேட்டேன்.