திரும்பி வராத வண்டி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மடியில் பால்கோவா பொட்டலம், தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். நிமிடத்துக்கொரு தரம் போனைப் பார்த்தாள்.

“இன்னைக்கும் புழுதி அடங்கல. ராத்திரி மைனஸ் எண்பதுக்குப் போயிரும்” என்று முனகினாள்.

என் மகன் லடாக்கில் ராணுவத்தில் இருக்கிறான். காலையில் எழுந்ததும் அவன் இருக்கும் இடத்துக் குளிரைத்தான் நானும் போனில் பார்ப்பேன். அதைச் சொல்லி, “ஒம் வீட்டுக்காரரு எந்தப் பக்கம் டூட்டிம்மா?” என்றேன்.

சிரித்துவிட்டாள். “ஆளு இல்லக்கா, வண்டி. செவ்வாய் கிரகத்துல மண்ணையும் காத்தையும் ஆராய அனுப்புனது. நான் அதுலதான் வேலை பாக்கேன். புழுதிப் புயல்ல வெயில் படாம சார்ஜ் ஏறல. ஒரு வாரமா சிக்னலே இல்ல.”

“பொறவு எப்பம்மா திரும்பி வரும்?”

“வராதுக்கா. திரும்பி வாரதுக்குன்னு அத அனுப்பல.”

ராஜபாளையத்தில் இறங்கும்போது, “தம்பி எப்பக்கா லீவுல வாராரு?” என்று கேட்டாள். அடுத்த மாசம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதும் காலையில் லடாக் குளிரைப் பார்த்து முடித்ததும், அந்த வண்டிக்கு வெயில் கிடைத்ததா என்று மனசு கேட்கிறது. என் போனில் அதை எங்கே பார்ப்பதென்றுதான் தெரியவில்லை.