நட்சத்திரக் குறிக்கு வந்த பெயர்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். குன்னூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஆபீஸ் இருந்த பழைய பங்களாவில் என்னமோ நடமாடுகிறது என்று வாட்ச்மேன் சொன்னபோது, அதையும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றவன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமெல்லாம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

சிலோனிலிருந்து ஆட்கள் கப்பலில் வந்துகொண்டிருந்த கடைசிக் காலம் அது. எங்கள் கம்பெனி தேயிலைக் கணக்குக்காக பீரோ பீரோவாக ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி அந்தப் பங்களாவில் நிறுத்தியிருந்தது. தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆறு பேருக்கு அதில் புரோகிராம் எழுதப் பயிற்சி, சொல்லிக்கொடுப்பது நான்.

எழுதுகிற புரோகிராமை வைக்க ஒவ்வொருவருக்கும் மெஷினுக்குள் ஒரு லைப்ரரி திறக்க வேண்டும். லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை, அவரவருக்கு ஒரு தனி அறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு பெயராக அடித்துத் திறந்தால் பொழுது போய்விடும், அதனால் குறுக்கு வழி ஒன்று உண்டு. பயிற்சிக்கு வந்தவர்களை எல்லாம் ஆர் என்ற எழுத்தை முன்னால் வைத்துப் பதிந்திருந்தோம், ஆர் அடித்து ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், பின்னால் என்ன பெயர் இருந்தாலும் மெஷினே தேடி எடுத்து அறை திறந்துவிடும். ஆனால் பதிவில் இருக்கிற பெயரைத்தான் எடுக்கும். இல்லாததை எடுக்காது, எடுக்க முடியாது.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தவமணி என்ற பெண் எழுந்து நின்றாள். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டிலிருந்து வருகிறவள், வாயே திறக்கமாட்டாள்.

"சார், எங்க பாஸ்போட்டுலயும் இந்த மாதிரி ஒரு நட்சத்திரம் போட்டிருந்தா எங்க அக்காவும் கூடவே வந்திருக்கும் சார்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அக்கா புஷ்பம் கட்டிக்கொடுத்த பெண் என்பதால் குடும்பத்துப் பாஸ்போர்ட்டில் பெயர் இல்லை, புருஷன் செத்தபிறகும் அங்கேயே தனியாகக் கிடக்கிறாள், கலவரத்துக்கப்புறம் ஒரு தகவலும் இல்லை என்றாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

மறுநாள் காலை நட்சத்திரம் போட்டு ஓட்டினேன். ஆறு அறை திறக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஏழாவது, ஆர் புஷ்பம்.

பதிவில் தேடினேன், அப்படி ஒரு பெயரே இல்லை. தவமணி வேலைதான் என்று நினைத்து அழித்தேன். மறுபடி ஓட்டினேன், மறுபடியும் ஏழு. நம்பினால் நம்புங்கள், அன்று தவமணி காய்ச்சலில் லீவு.

மேனேஜர் பார்த்துவிட்டார். "ஏனுங்க, இல்லாத பேருக்கு எதுக்குங்க லைப்ரரி? அந்தப் புள்ள வெளையாடுதுன்னா ஊட்டுக்கு அனுப்பிச்சிருங்க."

"நானே சோதனைக்குப் போட்டதுங்க," என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை, ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. காய்ச்சல் விட்டு வந்த தவமணி திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அழிச்சிராதீங்க சார், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அவள் அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து, நல்ல மத்தியானத்தில், கையில் ஒரு துணிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புஷ்பம் வந்து நின்றாள். மண்டபம் முகாமில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். அக்கா தங்கை கட்டிப்பிடித்து அழுததில் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

"எங்க தோட்டத்து லயத்துல குடியிருந்த சனங்கள கப்பலேத்தி அனுப்பி வைக்கத்தான் சார் தலமன்னாருக்குப் போனேன். எனக்கு ஒரு கடதாசியும் கெடையாது. எல்லாப் பேரும் கூப்புட்டு முடிச்சிட்டு, கடேசியா என் பேரக் கூப்புட்டாங்க. ஏறிட்டேன்."

அந்த ஆச்சரியத்தோடு உள்ளே போய் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது. எட்டு அறை இருந்தது. எட்டாவது, ஆர் செல்வன்.

வெளியே வந்து, "ஏம்மா தவமணி, செல்வன்னு யாராவது உங்க ஊட்டுல இருக்காங்களா?" என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். புஷ்பம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு வைக்கிறதுக்கு முன்னுக்கே போயிருச்சு சார் அது. லயத்துக்குப் பின்னால பொதச்சோம். மனசுக்குள்ள மட்டும் நான் வச்சிருந்த பேரு, யாருகிட்டயும் சொன்னதில்ல. இருந்திருந்தா இப்ப பள்ளிக்கூடம் போற வயசு."

அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டேன். அதற்கப்புறம் புஷ்பம் சாயங்காலமானால் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தவமணி சொல்லுவாள். பிறகு ஒரு நாள் போவதை நிறுத்திவிட்டாளாம். மனசு தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே குன்னூரிலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் போகிறேன், எனக்கு முன் சீட்டில் புஷ்பம். பக்கத்தில் ஜன்னலோரம் காலி. நல்ல வெயில் வேறு. கண்டக்டர் வந்தார்.

"கோத்தகிரிக்கு ஒரு முழுசு, ஒரு அரை," என்றாள் புஷ்பம்.

அரை யாருக்கு என்று கண்டக்டர் கேட்பார் என்று பார்த்தேன். அவர் இரண்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்து, "கைய வெளிய நீட்டாத கண்ணு, எதிர்ல லாரி வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன், சத்தியமாக அங்கே யாரும் இல்லை. பஸ்ஸில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், ஜன்னலோரம் காலியாக ஒரு சீட் கிடந்தால் இன்றைக்கும் நான் அதில் உட்காருவதில்லை.