தூக்கவில்லை, எடுத்தேன்

நாலு பிள்ளை பெற்றதில் என் வயிற்றுச் சதை நடுவே விலகிப்போயிருந்தது. இருமினால் தொப்புள் கோழிமுட்டை அளவுக்கு வெளியே வரும். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இரண்டு வருடம் சமாளித்தேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மலையாளத்தோடு கிடந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் பாறசாலைப் பக்கமெல்லாம் ஜாதா ஊர்வலமும் கடையடைப்புமாகக் கிடந்த காலம் அது. எல்லா ஜாதாவிலும் அவர் முன்வரிசை.

டாக்டர் திருநெல்வேலிக்காரர். சதையை இழுத்துச் சேர்த்துத் தைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, "முட்டிக்கு அடியில தலகாணி வச்சுப் படுங்க. ஆனா படுத்தே கிடக்கக் கூடாது. தினமும் கொஞ்சம் நடக்கணும், குனிஞ்சு நடந்தாலும் சரி. வயித்துக்கட்ட அவுக்காதீங்க. ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது" என்றார்.

பழைய வேட்டியை அகலமாகக் கிழித்து, வீட்டுக்காரரே தினம் காலையில் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார். "மூச்சப் பிடி... இனி விடு" என்று ஒரே அதிகாரம். பிறகு நான் கூனிக்கொண்டே முற்றத்துப் பலா மரத்தைச் சுற்றுவேன். விழுந்தால் பிடிக்க, கையை விரித்துக்கொண்டு அவர் பின்னால் வருவார். ஒருநாள் அவருடைய கூட்டாளிகள் வந்து, "அண்ணே, கூட்டத்துக்கு வரல்லியா?" என்று கேட்டார்கள். "நாடு சேருத காரியத்த நீங்க பாத்துக்கிடுங்க. எனக்கு இவளுக்க வயிறு சேரணும்" என்று சொல்லிவிட்டார் மனுஷன்! எனக்கு மானம் போயிற்று. ஆனால் அன்று முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பிரியமாக இருந்தது.

கடைக்குட்டிக்கு இரண்டு வயது. என் கட்டிலருகே வந்து இரண்டு கையையும் உயர்த்தி, "அம்மே, எடு" என்பாள். வீட்டோடு இருந்த மைனி, அதாவது வீட்டுக்காரரின் அக்காள், உடனே அவளை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளை அந்தத் தோள் மேலிருந்து கையை என் பக்கமே நீட்டிக்கொண்டு போகும். தையல் வலியெல்லாம் ஒரு வலியா?

மூன்றாவது வாரம் மைனி துணி துவைக்கக் குளத்துக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். பிள்ளை படியில் விழுந்து, உதட்டில் ரத்தத்தோடு, "எடு, எடு" என்று ஓடிவந்தது. எடுத்தேன். மார்போடு சேர்த்தேன். வயிற்றுக்குள் சுரீர் என்றது.

மறுநாள் காலையில் கட்டு ரத்தம் கசிந்து நனைந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கடையடைப்பு, பஸ் கிடையாது. மாட்டுவண்டியில் போனோம். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தது, எல்லாம் இவருடைய ஆட்கள்தான். "எலே, மரத்த மாத்துங்கலே! எனக்க வீட்டுக்காரியாக்கும் உள்ள!" என்று இவர் போட்ட சத்தத்தில் மாடே மிரண்டது. மரத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். வண்டி தாண்டியதும் திரும்ப இழுத்துப் போட்டார்கள்.

"தூக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்றார் டாக்டர்.

"தூக்கல்ல டாக்டர். பிள்ளைய எடுக்கத்தான் செய்தேன்."

டாக்டர் விழித்தார். எங்கள் ஊரில் தூக்குவது என்றால் நிறுப்பது, தொங்கவிடுவது. அரிசியைத் தராசில் தூக்குவோம், பானையை உறியில் தூக்குவோம். பிள்ளையை யார் தூக்குவார்? எடுப்போம். நான் இதை விளக்க, அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நம்முடைய தமிழும் சென்னைப் பக்கத்துத் தமிழும் ஒன்று என்று மேடைக்கு மேடை பேசியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா, எடுக்கவும் கூடாது" என்றார் டாக்டர், ஒவ்வொரு எழுத்தாக. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் சொன்னது எனக்கு முதலிலேயே விளங்கித்தான் இருந்தது. பிள்ளை அழுதபோது அந்த வார்த்தை எனக்கு வசதியாகப் போயிற்று.

நல்லவேளை, மேல்தோலில்தான் இரண்டு தையல் விட்டிருந்தது. ஆனால் அன்றிலிருந்து இன்னும் ஆறு வாரம் என்றுவிட்டார்.

அந்த ஆறு வாரத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டாள். கட்டிலருகே வருவாள், சிரிப்பாள், போய்விடுவாள். விழுந்தாலும் என்னைத் தாண்டி மைனியிடம் ஓடுவாள். "இனி இவளுக்கு நான் வேண்டாமா?" என்று வீட்டுக்காரரிடம் அழுதேன். "சும்மா கெட பிள்ளே, பிராந்து பிடிச்சவளே" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துவிட்டார். மைனி மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. எங்கள் எல்லாருக்கும் சோறு பொங்கிப் போட்டவள், பாவம், அவள் முகத்தைப் பார்த்துப் பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

டாக்டர் சரி என்று சொன்ன அன்று வீடு வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினேன். "வா மக்கா, அம்மை எடுக்கேன்."

அவள் பக்கத்தில் வந்தாள். கையை உயர்த்தவில்லை. சேலைக்கு மேலே என் வயிற்றை ஒரு விரலால் மெல்லத் தொட்டாள்.

"எடுக்கண்டாம். அம்மைக்கு நோவும்."

"அவ ஓரோ தடவ ஒனக்கிட்ட வரணும்னு கேக்கும்போதும் நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன், பிள்ளே" என்று பின்னாலிருந்து மைனி சொன்னாள்.

மறந்துவிட்டாள் என்றல்லவா நான் நினைத்தேன்! இந்த இரண்டு வயது உயிர் ஆறு வாரமாக எனக்காக அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் என் வயிற்றில் முட்டாமல், பைய, தானாகவே மடியில் ஏறினாள்.