கடைசி அட்டை வரை நின்ற தாமோதரன்

தாமோதரன் இறந்த செய்தியை மாலைப் பத்திரிகையில்தான் பார்த்தேன். மயிலாப்பூர் குளத்தருகே பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்தில் ஒருவர் விரித்திருந்த தாளின் மூலையில் ‘மந்தைவெளியில் ரேடியோ ரிப்பேர்க்காரர் குத்திக் கொலை’ என்று இருந்தது. அடுத்த வீட்டுக்காரன் மனைவியின் தலைமயிரைப் பற்றித் தெருவுக்கு இழுத்துவந்து மிதித்திருக்கிறான். தடுக்கப் போனவரின் வயிற்றில் கத்தியை இறக்கிவிட்டான். நான்கு வரிச் செய்தி, கடைசி வரியில் பெயர். அந்தத் தாளைப் பக்கத்திலிருந்தவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அவர் பயந்துபோய், “நீங்களே வெச்சுக்கோங்கோம்மா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

ரேடியோ ரிப்பேர்க்காரராம். எனக்கு வயிறு எரிகிறது. அடையாறில் எங்கள் கணிப்பொறி மையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெரிய இயந்திரத்தை உள்ளிருந்து நடத்திய புரோகிராமில் பாதி அவர் எழுதியது. பத்திரிகைக்காரனுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள்.

செத்தவரைச் சாதுவாக்கும் வேலையும் எனக்கு வேண்டாம். அவர் முரடர். ஒருமுறை ஓர் ஆபரேட்டர், எண்களைத் துளைகளாக இட்டு இயந்திரத்துக்குக் கொடுக்கும் அட்டைக் கட்டு ஒன்றைக் கீழே கொட்டிவிட்டு, வரிசை கலைந்தது தெரியாமலிருக்க அப்படியே வாரி அடுக்கி வைத்தார். தாமோதரன் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தியதில் பொத்தான்கள் தெறித்தன. அந்த மனிதர் ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை. எனக்கு அன்று தாமோதரனைக் கண்டாலே ஆகவில்லை. மெல்லப் பேச வேண்டும், மெல்ல நடக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

அவர் காவல் காத்த விஷயத்தை வெளியார் யாருக்காவது சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். இயந்திரத்தின் நினைவகம் சிறியது. அதனால் அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, உடனே தேவைப்படாத பக்கத்தை வெளியே தகவலைச் சேமித்துவைக்கும் காந்த உருளைக்கு நகர்த்திவிட்டு, காலியான இடத்தை வேறு வேலைக்குக் கொடுப்பார்கள். ஆபத்து அந்த நகர்த்தலில்தான் இருக்கிறது. அட்டை வாசிக்கும் கருவி பழைய இடத்துக்கு இன்னும் தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பக்கம் கிளம்பிவிட்டால், பின்னால் வந்த தகவல் நாதியற்றுப் போகும். புதிதாகக் குடிவந்தவன் அதை அழித்துத் தன் கணக்கை எழுதிக்கொள்வான். தாமோதரன் இதைத் தன் பாணியில் சொல்வார்: “வூடு மாத்தசொல்லோ தபால்காரன் பழைய வூட்டு வாசல்ல நின்னுகினு கீறான். அவன் போற வரிக்கும் பெட்டிய நவுத்தாத, சாவியும் குடுக்காத.” அவர் எழுதியிருந்த சோதனை இந்த வேலையைத்தான் செய்தது. வந்துகொண்டிருக்கும் தகவல் முழுதும் வந்து சேரும்வரை பக்கத்தை அசையவிடாது.

அந்தக் காத்திருப்பு எங்கள் தலைவர் சபேசனுக்குப் பிடிக்கவில்லை. கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி. தேர்வின் மதிப்பெண்களைத் தொகுத்துத் தரும் வேலையை அந்த வருடம் எங்கள் மையம் எடுத்திருந்தது. சொன்ன நாளுக்கு முன்பே முடித்துப் பெயர் வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சோதனையை எடுத்துவிடச் சொன்னார். தாமோதரன் மேசையை உதைத்துக் கவிழ்த்தார். சபேசன் அவரை அந்த வேலையிலிருந்தே விலக்கிவிட்டு, வேறொருவரை வைத்துச் சோதனையை நீக்கினார். பட்டியல் சீக்கிரமே தயாராகி, பரீட்சைத் துறைக்குப் போயிற்று. மதிப்பெண் அட்டைகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றார் சபேசன். தாமோதரன் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

முடிவு வெளியாகிச் சில நாட்கள் கழித்து, ஒரு காலையில் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி மையத்துக்கு வந்தார். அவர் மகளுக்குக் கணக்கில் பூஜ்யம். படிக்கிறேன் என்று பொய் சொன்னாயா என்று கேட்டு, துணி அளக்கும் இரும்பு கஜக்கோலால் அவளை அடித்திருக்கிறார். முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த வாரத்துக்குள் அவளை ஊரில் ஒருவனுக்குக் கட்டிவைத்துவிட ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. “அவ அந்த வலியிலயும் நல்லாத்தான் எழுதினேங்கா. அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சபேசன் வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த தாமோதரன் பெண்ணின் தேர்வு எண்ணைக் கேட்டார். அலமாரியைத் திறந்து, அந்த எண்ணுக்கான அட்டையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எட்டிலும் ஏழிலும் துளை இருந்தது. எண்பத்தேழு. அட்டையில் இருந்த மதிப்பெண், நினைவகத்தில் பக்கம் நகர்ந்தபோது தொலைந்திருக்கிறது, காலி இடத்தை இயந்திரம் பூஜ்யம் என்று அச்சடித்திருக்கிறது.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து தாமோதரனைக் கையெடுத்துக் கும்பிட்டு, “பாவி மிசினு எம்புள்ளய இப்படிப் பண்ணிட்டுதே” என்று அழுதார். தாமோதரன் ஓங்கி ஓர் அறை விட்டார். அண்ணாச்சியின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

“மார்க்க தொலைச்சது மிசினு. கைய ஒடச்சது எந்த மிசினுய்யா?” என்றார்.

சபேசன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு அண்ணாச்சியை வெளியே அனுப்பினார். இந்த ஒரு பெண்ணின் மதிப்பெண்ணைக் கையால் திருத்திச் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்றார். இவளைப்போல் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறதோ, எல்லா அட்டைகளையும் மறுபடி ஓட்டியாக வேண்டும் என்றார் தாமோதரன். மையத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார் சபேசன். தாமோதரன் இயந்திர அறைக்குள் போய்த் தன் சோதனையைத் திரும்பச் சேர்த்தார். “அட்டைய எடுத்துக்கினு வாம்மா வத்சலா” என்றார். நான் எடுத்துப் போனேன்.

சபேசன் காவலாளிகள் இருவரைத் தடியோடு அனுப்பினார். நான் அட்டைக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துக்கொண்டிருந்தேன். கருவியை அணைக்கும் விசைக்கும் அவர்களுக்கும் நடுவில் தாமோதரன் நின்றார். இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. பிறகு அடித்தார்கள். முதுகில், தோளில், தொடையில் தடி விழுகிற சத்தம் கருவியின் இரைச்சலுக்கு மேலே கேட்டது. எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிற அந்த மனிதர் அன்று திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையாலும் கருவியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விசையைத் தன் உடம்பால் மூடி நின்றார். ஓர் அடி காதில் விழுந்தது. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. நான் அட்டை வைப்பதை நிறுத்திவிட்டேன்.

“நிறுத்தாத. கார்டு போடு” என்றார்.

போட்டேன். அழுதுகொண்டே போட்டேன். கடைசி அட்டை உள்ளே போனதும் அவர் கை தானாக விட்டது. காவலாளிகளே அவரைத் தாங்கி உட்காரவைத்தார்கள். அச்சான பட்டியலைச் சபேசன் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ரத்தக் கறை பட்ட புடவையோடு ஆட்டோ பிடித்துப் பரீட்சைத் துறைக்குப் போய் நேரே அதிகாரியின் மேசையில் வைத்தேன். திருத்திய முடிவு வெளியாயிற்று. பூஜ்யம் போடப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் மதிப்பெண் திரும்பி வந்தது.

தாமோதரனுக்கு வேலை போயிற்று, இடது காதும் போயிற்று. என்னை நீக்கவில்லை. பெண்பிள்ளை, அவன் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று சபேசன் அறிக்கையில் எழுதினாராம். அந்த அவமானத்தை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்ற தாமோதரனுக்கு வேறு எந்த மையமும் இடம் கொடுக்கவில்லை. நான் மந்தைவெளிக்குப் போகும்போதெல்லாம் ஏதாவதொரு ரேடியோவைப் பிரித்துவைத்துக்கொண்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பி, மையத்தில் சோதனை ஓடுகிறதா என்று மட்டும் கேட்பார்.

பத்திரிகையில் பார்த்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். மூலையில் அந்த அண்ணாச்சி நின்றிருந்தார். நரைத்துப் போயிருந்தார், ஆனாலும் அடையாளம் தெரிந்தது. மகள் அந்தக் கல்யாணத்துக்கு மறுத்து, படித்து, உத்தியோகம் பார்க்கிறாள் என்று நான் கேட்காமலே சொன்னார். பிறகு குரல் உடைந்து, “ஒடஞ்ச கை சரியா கூடல. அவ அன்னைக்கு அந்த ஒண்ண சொல்லிட்டு வாய மூடுனவதான் தாயி. எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல” என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அப்படிச் சொல்லத்தான் என்னை வளர்த்திருந்தார்கள். வாய்வரை வந்த வார்த்தையை அப்படியே நிறுத்தினேன். தாமோதரனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கோபம் ஒன்றுதான். அந்தப் பெண்ணின் கை இன்னும் நேராகவில்லை, நான் ஏன் அந்தக் கோபத்தைக் கீழே வைக்க வேண்டும்? “பேச மாட்டா” என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிப் போய்த் தாமோதரனின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.