நான் வாசிக்காமல் விட்ட பக்கம்

1. தாழ்வாரத்தில்

"நீங்க பொலிசுக்கும் வேலை செய்யிறனீங்களோ?"

இதை என்னிடம் கேட்டவர் சிவகௌரி. கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. காலை ஒன்பது மணி. உள்ளே மண்டபத்தில் இனமும் பொலிசும் பற்றிய ஆய்வு மாநாடு தொடங்க அரைமணி நேரம் இருந்தது. அவர் சாட்சியம் சொல்ல வந்தவர். நான் அவருடைய தமிழைப் பிரெஞ்சில் சொல்ல வந்தவள்.

"ஓம், செய்யிறனான்" என்றேன்.

"அப்ப எனக்கு நீங்க வேண்டாம்."

கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்துவிட்டார்.

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் நான் உரைபெயர்ப்பாளராக வேலை செய்யத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி விசாரணை, பள்ளிக்கூடம், பொலிஸ் நிலையம், யார் கூப்பிட்டாலும் போவேன். பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன். சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கவும் கூடாது. யார் பக்கமும் நிற்கக் கூடாது. இந்த விதிகளைப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்தே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஆகவே சிவகௌரி எழும்பிப் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மாநாட்டை நடத்தியவர் பேராசிரியை ராதிகா. சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சிரித்த முகம். காலையில் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துத்தான் வரவேற்றார். அவர் ஓடிப்போய் சிவகௌரியின் கையைப் பிடித்தார்.

"சிஸ்டர், இவங்க ரொம்ப வருஷமா இந்த வேலைல இருக்காங்க. நம்பலாம். நான் சொல்றேன்ல."

சிவகௌரி என்னைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. "நீங்க அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து கதைச்சா, என்ன சொல்லுறீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்தில இருக்க வேணும். நான் ஒரு வசனம், நீங்க ஒரு வசனம். எனக்கும் பிரெஞ்ச் கொஞ்சம் விளங்கும்."

அந்தக் கண்ணாடி பூத்துக்குள் இருந்து, அவர் பேசப் பேசக் கூடவே பெயர்க்கத்தான் எனக்கு ஏற்பாடு. ஆனாலும் சரி என்றேன். அவர் என்னைக் கண்காணிக்கப் போகிறார் என்று விளங்கியது. கண்காணிக்கட்டும் என்று நினைத்தேன். என்னிடம் பிழை பிடிக்க ஒன்றுமில்லை என்ற திமிர் எனக்கு.

2. படிவம்

சிவகௌரியின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரொக்ஸ்பரோவில் தாயின் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பொலிசார் காரை மறித்திருக்கிறார்கள். மகன் ஓட்டினான், தாய் பக்கத்தில் இருந்தார். அந்த மறிப்பு முடியும்போது அவனுடைய தோள் மூட்டு விலகியிருந்தது. அவர்கள் முறைப்பாடு செய்து, விசாரணைக்குக் காத்திருந்தார்கள்.

"வக்கீல் சொன்னவர், விசாரணை முடியுமட்டும் நான் கதைக்கிறது ஒரு இடத்திலயும் பதிவாகக் கூடாதாம்" என்றார் சிவகௌரி. "ஒரு சொல் மாறினாலும் அதைக் கொண்டுவந்து பிடிப்பினமாம். ரெக்கோர்டிங் இல்லை எண்டு இந்த மேடம் சொன்னபடியால்தான் வந்தனான்."

"அப்ப ஏன் கதைக்கிறீங்கள்? வீட்டில இருந்திருக்கலாமே."

"ஒருத்தரும் கேக்கேல்லையே. இவையள்தான் கேக்கிறம் எண்டவை."

மண்டபத்துக்குள் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது ராதிகா ஒரு படிவத்தை நீட்டினார். பிரெஞ்சில் மூன்று பக்கம். "வழக்கமான கன்சென்ட் ஃபார்ம்தான். கொஞ்சம் சீக்கிரம் சொல்லிடுங்க, உள்ள எல்லாரும் வெயிட் பண்றாங்க."

எழுதிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வாயால் மொழிபெயர்ப்பதும் எங்கள் வேலைதான். முதல் பக்கத்தை வரிவரியாகச் சொன்னேன். உள்ளே மைக்கில் யாரோ பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் பக்கத்தைச் சுருக்கினேன். மூன்றாம் பக்கம் பொடி எழுத்து. "மிச்சம் வழமையான விசயம்தான்" என்றேன். இப்படிப்பட்ட படிவங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன் என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது.

சிவகௌரி கையெழுத்துப் போட்டார்.

3. ஐந்தாம் வரிசை

மேடையில் ஒரு மேசை, இரண்டு கதிரைகள். எதிரே நூறு பேர் வரையில் இருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் பெயர் அட்டை தொங்கியது, ஐந்தாம் வரிசையில் இருந்த ஒருவரைத் தவிர. கறுப்பினத்தவர், அகன்ற தோள், ஒட்ட வெட்டிய தலைமயிர். மடியில் ஒரு கொப்பி. தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

சிவகௌரியும் கண்டுவிட்டார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அந்தாள் ஆர்? பொலிசோ?" என்றார்.

"தெரியாது."

உண்மையில் எனக்கும் அதே சந்தேகம்தான். பொலிஸ் நிலையங்களில் அப்படி வெட்டிய தலைமயிரும் அப்படி இருப்பும் கொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் பேனாவை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் என் கண் அங்கே போனது. அட்டை இல்லாமல் அங்கே இன்னும் ஒருவர் இருந்தார், என் பக்கத்திலேயே, சிவகௌரி. சாட்சிகளுக்குப் பெயர் அட்டை கொடுப்பதில்லை என்று காலையில் ராதிகா சொன்னது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

சிவகௌரி பேசத் தொடங்கினார்.

"கார் ஆரின்ர எண்டு கேட்டவர். மகன் அம்மான்ர எண்டவன். திருப்பியும் கேட்டவர், கார் ஆரின்ர எண்டு. நான் என்ர எண்டு சொன்னனான். என்னைத் திரும்பியும் பாக்கேல்லை."

நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் தலையசைத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார். இப்படி ஒரு பத்து நிமிடம் போயிருக்கும்.

"பிள்ளையை பொனட்டில அமத்திப் போட்டுக் கையைப் பின்னால முறுக்கினவை. நான் கத்தினனான். தமிழிலதான் கத்தினனான். பிரெஞ்ச் ஒரு சொல்லும் எனக்கு வரேல்லை."

அதைச் சொல்ல மூச்செடுத்து நிமிர்ந்தேன். மேடைக்குப் பக்கவாட்டில் சவுண்ட் பார்க்கும் பெண்ணின் மேசை இருந்தது. அவளுடைய கணினித் திரை என் கதிரைக்கு நேரே தெரிந்தது. அதில் ஒரு பச்சைக் கோடு எங்கள் குரலுக்கு ஏறி இறங்கியது. மூலையில் சிவப்புப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் நிமிடமும் விநாடியும் ஓடிக்கொண்டிருந்தன.

பதிவாகிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த ஐந்தாம் வரிசை ஆளைத்தான் பார்த்தேன். பிறகு இதற்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று என்னையே கேட்டேன். நடுவில் நான் புகுந்து பேசக் கூடாது. ஆனால் பேசாமல் விட்டால், ஒவ்வொரு வசனமும் அந்தக் கணினிக்குள் போய்ச் சேருகிறது.

எங்கள் சொந்தக் கருத்தைச் சொல்ல நேர்ந்தால் எங்களைப் பற்றி மூன்றாம் ஆள் போலப் பேசுவோம். மைக்கில் பிரெஞ்சில் சொன்னேன்: "உரைபெயர்ப்பாளர் ஒரு விடயத்தை அறிவிக்க வேண்டியிருக்கிறது. இந்த அமர்வு ஒலிப்பதிவாகிறது." பிறகு அதையே தமிழில் சிவகௌரிக்குச் சொன்னேன்.

4. மேடையில்

முன்வரிசையிலிருந்து ராதிகா எழுந்து வந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார்.

"ஐயோ, அது எங்க ஆர்க்கைவ்ல சேர்த்து வைக்க மட்டும்தாங்க. வெளியில போகாது. ஃபார்ம்லயே இருக்கே, மூணாவது பக்கத்துல. அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

பதிவு இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு, காகிதத்தில் வேறுவிதமாக எழுதியது அவருடைய பிழை. ஆனால் அந்தக் காகிதம் சிவகௌரியின் கைக்கு என் வழியாகத்தான் போனது.

சிவகௌரி என் பக்கம் திரும்பினார். "மூண்டாம் பக்கத்தில அப்பிடி இருந்ததோ?"

"நான் அதை வாசிக்கேல்லை."

"வாசிக்கேல்லையோ?"

"இல்லை. வழமையானது எண்டு நினைச்சு விட்டிட்டன். பிழை என்ர."

மண்டபத்தில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் இப்ப சொல்லுறதை அவையளுக்குச் சொல்லுங்கோ. என்ர மொழிபெயர்ப்பாளர் எனக்கு மூண்டாம் பக்கத்தை வாசிக்கேல்லை. வாசிக்காமல் என்னட்டைக் கையெழுத்து வாங்கினவை. சொல்லுங்கோ."

இருபத்தாறு வருடத்தில் அதைவிடக் கடினமான இரண்டு வசனங்களை நான் பெயர்த்ததில்லை. "என் மொழிபெயர்ப்பாளர் எனக்கு மூன்றாம் பக்கத்தை வாசிக்கவில்லை" என்று, அவருடைய 'நான்' ஆக இருந்துகொண்டு, என்னைப் பற்றி நானே பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விடவில்லை என்று கண்டதும் தலையசைத்தார்.

"இப்ப முழுக்க வாசியுங்கோ" என்றார்.

"இங்கயோ?"

"இங்கதான்."

"சிஸ்டர், பிரேக்ல பண்ணிக்கலாமே, டைம் ஆயிடுச்சு" என்றார் ராதிகா.

"அவையள் இருப்பினம்."

வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. மூன்றாம் பக்கத்தில் பதிவு செய்ய, சேமிக்க, மற்ற ஆய்வாளர்களுடன் பகிர அனுமதி என்று மூன்று வரி இருந்தது. அந்த மூன்றையும் அவர் பேனாவால் வெட்டினார். சவுண்ட் பார்க்கும் பெண்ணை எழும்பி வரச் சொல்லி, கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கச் சொன்னார். பதிவைத் தன் கண்முன் அழிக்க வைத்தார். வேறு பிரதி இல்லை என்று எழுதித் தரச் சொல்லி ராதிகாவிடம் கையெழுத்தும் வாங்கினார். ராதிகாவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "நான் சொல்லியிருக்கணும், தப்புதான்" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சிக்கு நல்லது என்றால் எல்லோருக்கும் நல்லது என்று நம்புகிற மனிதர் அவர்.

பிறகு சிவகௌரி விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

5. அதன் பிறகு

இடைவேளையில் ஐந்தாம் வரிசை மனிதர் கொப்பியுடன் எங்களிடம் வந்தார். சிவகௌரி ஒரு அடி பின்னால் போனார். அந்த மனிதர் எய்ட்டி நாட்டிலிருந்து வந்தவர், பஸ் சாரதி. பின்னேர அமர்வில் தன் தம்பியைப் பற்றிப் பேச வேண்டியவர். காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தது அந்தப் பேச்சைத்தான்.

மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து நீட்டினார். "நானும் இதில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் அந்த மூன்று வரி எங்கே இருக்கிறது, மேடம்?"

அதைச் சிவகௌரிக்குத் தமிழில் சொன்னேன். அவர் தன் பேனாவை எடுத்து அந்த மனிதரிடம் கொடுத்தார்.

மெட்ரோ வரை சிவகௌரியும் நானும் ஒன்றாகத்தான் நடந்தோம். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அன்று பின்னேரம் என்னை அனுப்பிய நிறுவனத்துக்கு நடந்ததை நானே எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் எனக்கு வேலை தரவில்லை. அது நியாயம்தான்.

மகனுடைய விசாரணைக்குச் சிவகௌரி வேறொரு உரைபெயர்ப்பாளரைக் கேட்டார். தீர்ப்பு மகன் பக்கம் வந்தது. அன்றைக்கு அவரே எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"உங்களைக் கேக்கேல்லை எண்டு கோவமோ, அக்கா?"

"இல்லை."

"கோவிக்கக் கூடாது. எனக்கு என்ர பிள்ளையின்ர விசயம்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உங்களுக்கு முன்னால் இருப்பவர் உங்களைச் சந்தேகித்தால் அவமானம் என்று எடுக்காதீர்கள். நீங்கள் யார் யாருக்கு வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்க முன்பே சொல்லிவிடுங்கள். கையில் காகிதம் தந்தால், நூறு பேராசிரியர்கள் காத்திருந்தாலும் கடைசி வரி வரை வாசியுங்கள். அப்படி வாசித்த பிறகும் அவர் உங்களை வேண்டாம் என்று சொல்லலாம். அது அவருடைய உரிமை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.