செல்வி டீச்சருக்கு ஒரு பின்சீட்டு

வடக்கனந்தலில் அய்யப்பன் என்று பேர் சொல்லி விசாரித்தால் எந்த அய்யப்பன் என்று திருப்பிக் கேட்பார்கள். டீச்சரை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர் என்றால் போதும், வாய்க்கால் ஓரத்து வீட்டைக் கை காட்டிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு அதுதான் அடையாளம். ஐ.டி.ஐ. படித்ததையும், சென்னையில் நாலு வருடம் ஃபிட்டராக இருந்ததையும், அப்பா நோயில் படுத்துக்கொண்டபோது ஊருக்குத் திரும்பி இரண்டு ஏக்கர் கரும்பைக் கையில் எடுத்ததையும் இப்போது யாரும் சொல்வதில்லை.

அவருடைய மனைவி செந்தமிழ்ச்செல்விக்குக் கரியாலூரைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை போட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு மலை ஏறும் வளைவுகள் என்று ஒரு நடைக்கு ஒன்றேகால் மணி நேரம். தினமும் விடியுமுன் எழுந்தாக வேண்டும். பஸ் இருக்கிறது. பள்ளியில் மணி அடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது மேலே போய்ச் சேரும். 'அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் கீழே இடம் கிடைத்துவிடும், அதுவரைக்கும் நான் கொண்டுபோய் விடுகிறேன்' என்று முதல் வருடம் அய்யப்பன் சொன்னார். ஒவ்வொரு வருடமும் கீழே காலியிடம் இல்லாமல் போனது. அவரும் பைக்கில் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தார்.

கரும்பில் வேலை இருக்கும் நாட்களில் அவளை விட்டுவிட்டு இறங்கி வந்து, மதியம் சாப்பிட்ட கையோடு மறுபடி ஏறுவார். வேலை இல்லாத நாட்களில் பள்ளிக்கு எதிரே பலாமரத்தடியில் துண்டை விரித்து நாலு மணி வரை படுத்திருப்பார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவரைப் பள்ளி வாட்ச்மேன் என்று நினைத்துக்கொள்ளும். நாலு நடை ஓட்டுவது அதிகக் களைப்பா, மரத்தடியில் சும்மா கிடப்பது அதிகக் களைப்பா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

போன ஐப்பசி மழையில் வண்டி கையை விரித்தது. நூறு சிசி வண்டி. பாதி மலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், முதல் கியரில் இரைந்துவிட்டு அப்படியே நின்றது. செல்வி இறங்கினாள். புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நோட்டுப் பை தோளில் தொங்க, மூன்று வளைவு நடந்தாள். அய்யப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்.  இரண்டு பேருக்கும் பேச மூச்சு இல்லை.

அன்று இரண்டாம் பாடவேளையில் கரும்பலகைக்கு முன்னால் அவளால் நிமிர முடியவில்லை. கள்ளக்குறிச்சியில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். பதினொரு வருடம் ஒரு பக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்து வந்ததில் இடுப்புப் பக்கம் முதுகெலும்புக்கு நடுவே தட்டு ஒன்று நகர்ந்திருக்கிறது என்றார்.

"பைக்ல போறத நிறுத்திடுங்கம்மா."

"நிறுத்திட்டு எதுல போறதுங்க டாக்டர்?" என்று செல்வி கேட்டாள்.

 டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார்.

கச்சிராயபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் சிவசங்கர்தான் அந்தப் பேச்சைத் தொடங்கினார். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது மேல குத்தம் இல்லண்ணா. ஒராள் ஓட்ற வண்டி. நீங்க ரெண்டு பேரு ஏறிக்கினு தெனமும் மல ஏறுனா இது இன்னா பண்ணும்? டூரிங் வண்டினு இப்ப வருது. ரெண்டு பேரு தூரமா போறதுக்குன்னே செய்யறான். பின்னாடி ஒக்கார்றவங்களுக்கும் ஸ்பிரிங்கு, சீட்டு எல்லாம் கணக்கு பண்ணி வெக்கறான். ஒரு தபா போய் பாருங்க."

அய்யப்பனுக்குப் புது வண்டி ஆசை எல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் போனார்கள். செல்வி பெல்ட் கட்டியிருந்தாள். தோளில் வழக்கமான பை.

ஷோரூமில் தமிழ்ப்ரியா என்ற பெண் வந்து நின்றாள். சொன்னதையெல்லாம் அய்யப்பனைப் பார்த்தே சொன்னாள். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், எத்தனை வினாடியில் நூறைத் தொடும், முன்னால் கண்ணாடி காற்றை எப்படித் தள்ளும் என்று மளமளவென்று வந்தது. சிவப்பு வண்டி ஒன்று, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, ஓடுவதற்குத் தயாராக நிற்பதுபோல் நின்றது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று; கொஞ்சம் உயரம், ஹேண்டில் மேலே தூக்கி இருந்தது, சீட்டு நீளம். இரண்டுமே தூரப் பயணத்துக்கு என்றாள்.

செல்வி நடுவில் கேட்டாள். "பின்னாடி ஒக்காந்துக்கினு போறவங்க வந்தா இன்னா கேப்பாங்க?"

தமிழ்ப்ரியா விழித்தாள். "அப்டி யாரும் கேட்டதில்லீங்க மேடம். ஓட்றவங்கதான் கேப்பாங்க."

"நான் ஒக்காந்து பாக்கலாமா?"

"தாராளமா ஒக்காருங்க."

"ஒரு நிமிசம் இல்லம்மா. அர மணி நேரம் ஒக்காரணும். நான் தெனமும் ரெண்டர மணி நேரம் ஒக்கார்றவ."

அந்தப் பெண் மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் இல்லை. சரி என்று தலையாட்டினாள்.

சிவப்பு வண்டிக்கு நடு ஸ்டாண்டு இல்லை. அய்யப்பன் முன்னால் ஏறி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கமாக உட்கார இந்த வண்டியில் வழி இல்லை என்று செல்விக்கு முன்பே தெரியும். அதற்காகவே வாழ்க்கையில் முதல் தடவையாக மகள் ராதிகாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ராதிகா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். செல்வி ஏறி உட்கார்ந்தாள். பையைத் திறந்து அரையாண்டுத் தேர்வுத் தாள்களை எடுத்தாள். புருஷனின் முதுகில் பரீட்சை அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

அய்யப்பனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் வெட்கம் போய், முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. முதுகில் பேனா டிக் போடுவதும் சுழிப்பதும் தெரிந்தது. யாரோ ஒரு பிள்ளை நிறையத் தப்பாக எழுதியிருக்க வேண்டும், ஒரே சுழிப்பாக இருந்தது.

இருபது நிமிடத்தில் செல்வி இறங்கிவிட்டாள். "முட்டி ரெண்டும் நெஞ்சுக்கு வருது. சீட்டு முன்னாடி சரியுது. நின்னுக்கினு இருக்கறப்பவே நான் உங்க மேல சாயறன். எறக்கத்துல இன்னா ஆவறது?"

"அடுத்தது பாக்கலாம் மேடம்" என்றாள் தமிழ்ப்ரியா. இந்தத் தடவை அவள் செல்வியைப் பார்த்துச் சொன்னாள். அய்யப்பன் காலை உதறிக்கொள்வதைப் பார்த்து, அவர் சாம்பல் வண்டியில் ஏறியதும் இன்னொரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டாள்.

சாம்பல் வண்டியில் பதினெட்டுத் தாள் திருத்தி முடிந்தது.  செல்வி இறங்கி இடுப்பை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். "ஷோரூம்ல மேடு பள்ளம் இல்லியே" என்றாள். ஓட்டிப் பார்ப்பதென்றால் டவுனுக்குள் இரண்டு கிலோமீட்டர்தான் தருவார்களாம். இரண்டு பேரும் யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். பஸ்ஸில் அய்யப்பன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

அதே மாதிரி சாம்பல் வண்டி ஒன்றை மலையூர்க்காரர் ஒருவர் வைத்திருந்தார். முருகவேல், செல்வியிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் சித்தப்பா. ஓசூரில் கம்பெனி வேலை. பொங்கலுக்கு வண்டியிலேயே ஊருக்கு வந்திருந்தார். கேட்டதும் சாவியைக் கொடுத்தார். "டீச்சருக்கு இல்லாததா. பிரேக்க மட்டும் முன்னது பின்னது ரெண்டயும் சேத்து புடிங்கண்ணா. முன்னது மட்டும் புடிச்சா பின்னாடி ஒக்காந்துக்கினு இருக்கறவங்க உங்க முதுவுல வந்து மோதுவாங்க."

அணை வரைக்கும் இறங்கி, மறுபடி ஏறினார்கள். முதல் இரண்டு வளைவில் அய்யப்பன் பயந்தார். வண்டி கனம், மெதுவாகத் திருப்பினால் உள்பக்கமாகச் சாயப் பார்த்தது. போகப் போகக் கைக்கு வந்தது. எதிரே கரும்பு டிராக்டர் வந்தபோது ஓரம் கட்டி நிறுத்தினார், சறுக்காமல் நின்றது. ஏறும்போது முனகவே இல்லை. பதினொரு வருடமாக வண்டிக்காகத் தன் உடம்பால் முக்கிக்கொண்டே ஏறியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோளைத் தளர்த்தினார்.

"எப்டி இருக்குது?"

"பின்னாடி சாஞ்சிக்க எதுனா இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

தை மாதக் கடைசியில் சாம்பல் வண்டியை எடுத்தார்கள். சிவசங்கர் பின்னால் ஒரு பெட்டி பொருத்தி, அதன் முகத்தில் மெத்தை தைத்த திண்டு ஒன்றை வைத்தார். இரண்டு பேரின் எடையையும் கேட்டுக்கொண்டு பின் ஸ்பிரிங்கை முறுக்கினார். செல்வி நாலு சுடிதார் தைத்துக்கொண்டாள். தலைமையாசிரியர் ஒரு நாள் சுடிதாரை உற்றுப் பார்த்தார், மறுநாள் பார்க்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் ஒரு மணியாகக் குறைந்தது. செல்வி மாத்திரை போடுவது வாரத்துக்கு ஒன்று என்று ஆனது. அய்யப்பனுக்கு மணிக்கட்டு கொஞ்சம் வலித்தது. பழகிவிடும் என்று விட்டுவிட்டார். பின்னால் அவள் திண்டில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். முன்பெல்லாம் 'பள்ளம்', 'மெதுவா', 'மாடு' என்று சொல்லிக்கொண்டே வருகிறவள் இப்போது பேசுவதே இல்லை. சுகமாக வருகிறாள் என்று அவர் நினைத்தார். எடுத்த முடிவு சரிதான் என்று இருந்தது.

பங்குனியில் ஒரு சாயங்காலம், இறங்கி வரும்போது, அவள் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். அய்யப்பன் பாலத்துக் கட்டை ஓரம் வண்டியைப் போட்டார். இடுப்புதான் பிடித்துக்கொண்டதோ என்று பயந்து திரும்பினார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டைமேல் உட்கார்ந்தாள். கீழே அணைத் தண்ணீர் பாதிக்கு வற்றித் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்லீங்க. ஒண்ணும் வலிக்கல. அதான்."

அவர் புரியாமல் நின்றார்.

"பழைய வண்டியில ஏறுனா, விழாம வூடு போய் சேரணுங்கறத தவிர வேற ஒண்ணும் தோணாது. இதுல புடிச்சிக்கவே வேணாம். சும்மா ஒக்காந்துக்கினு வர்றன் இல்ல, நெனப்பு எங்கெங்கியோ போவுது. இந்த ரோட்டுல எத்தினி தபா போயிருக்கம்னு. நான் ரிடையர் ஆவ இன்னும் பதிமூணு வருசம் இருக்குது. தெனமும் இப்டியே போய்க்கினு வந்துக்கினு." நிறுத்தி, முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். "எனுக்கு முடியலீங்க. உங்களுக்கும் முடியல. நீங்க சொல்ல மாட்டீங்க."

அய்யப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்கால் சத்தம் போட்டது, இரண்டு பேருக்கும் கேட்டது.

"சாமியம்மா வூட்ல ஒரு ரூம்பு சும்மா கெடக்குது" என்றாள். சாமியம்மாள் அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். மலைக்காரர், தனியாக இருக்கிறவர். "அவங்களே ரெண்டு மூணு தபா கூப்ட்டாங்க. ராதிகா இருந்தப்ப முடியாது. இப்ப வூட்ல யாரு இருக்கறா. திங்கக்கெழம என்ன கொண்டாந்து வுடுங்க. வெள்ளிக்கெழம வந்து இட்டுக்கினு போங்க."

"அப்ப இந்த வண்டி எதுக்கு வாங்குனோம்?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்க நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

"திங்கக்கெழமைக்கும் வெள்ளிக்கெழமைக்கும்."

"நான் தனியா இன்னா பண்றது?"

"கரும்ப பாருங்க. கால டாக்டர் கிட்ட காட்டுங்க. எனுக்கு ஸ்டேண்டு மாதிரி நின்னீங்களே பதினோரு வருசம், நீங்க கொஞ்சம் ஒக்காருங்க."

 மேலே இருந்து ஒரு வேன் இறங்கி, ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் மறைந்தது. தன்னை வேண்டாம் என்கிறாளோ என்று ஒரு நிமிடம் அவருக்கு வருத்தமாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அது நிம்மதி என்று அவருக்கே தெரிந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சாமியம்மா வூட்ல தண்ணி வசதி எப்டி?" என்று கேட்டார்.

"போர் இருக்குது."

"கட்டிலு?"

"எட்த்துக்கினு போவணும்."

"கட்டில வண்டியில கட்ட முடியாது. வேன்ல ஏத்தி வுடறன்."

அடுத்த திங்கட்கிழமை பெட்டியில் துணிமணியும், மடியில் பிரஷர் குக்கருமாக அவளைக் கொண்டுபோய் விட்டார். சாமியம்மாள் சாமைச் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டுத் தனியாக இறங்கினார். பின்னால் எடை இல்லாததால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி துள்ளியது. ஸ்பிரிங்கைத் தளர்த்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் செல்வியிடமிருந்து போன் வந்தது.

"சாப்டீங்களா?"

"இப்பதான் எழுந்தன்."

"இப்பவா? காலைல வேலைக்கு ஆளு வரன்னாங்களே."

"வந்தாங்க. கொஞ்சம் படுக்கறன்னு சொல்லிட்டு திரும்ப படுத்தன். நீ எப்ப எழுந்த?"

"எட்டு மணிக்கு" என்றாள். பிறகு, அதை இன்னும் நம்பாதவள் போல, இன்னொரு தரமும் சொன்னாள். "எட்டு மணிக்குங்க. மணி அடிக்கறதுக்குள்ள போய்ட்டன்."