ஹாஸ்டலுக்குப் போன எக்ஸ்போர்ட் பெட்டி

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் மேல்நோக்கிய அம்புக்குறியும், ஒரு குடையும், ஒரு கண்ணாடிக் கோப்பையும் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். நைனா அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்த காலையில் அம்புக்குறி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "நைனா, தலகீழா இருக்குது, திருப்பிப் புடி" என்று நான் பின்னாலேயே ஓடினேன். "உள்ள இன்னா பச்சக் கொழந்தையா இருக்குது?" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவருக்குப் பின்னால் என் தங்கச்சி, புதுச் செருப்பு கடித்ததால் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதோடு என் பள்ளிக்கூடமும் போயிற்று.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். செய்து முடித்த பாகத்தை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஈரம் குடிக்கும் சின்னப் பொட்டலத்தை உடன் போட்டு, காற்றுக் குமிழி ஷீட்டில் உருட்டி, அட்டைப் பெட்டிக்குள் அசையாமல் அடுக்கி, டேப் ஒட்டி, கடைசியில் நாலு பக்கமும் பிளாஸ்டிக் பட்டை சுற்றி இறுக்கி, இரும்புக் கிளிப்பை நசுக்கிவிட வேண்டும். பெட்டி கப்பலில் போகும், துறைமுகத்தில் மழையில் கிடக்கும், எவனாவது மேலேயிருந்து போடுவான், நடுவில் யாராவது திறந்து பார்ப்பான். இதெல்லாம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். எனக்கு அது கஷ்டமாகவே இருந்ததில்லை. மற்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு படுகிற கவலையை நான் வீட்டில் சும்மாவே பட்டுக்கொண்டிருந்தவள்.

தங்கச்சி விஷயத்தில் கவலைக்குக் காரணமும் இருந்தது. நைனா கெட்டவர் இல்லை. நெல் விளைகிற நிலமும், தாயில்லாத இரண்டு பெண்களும் வைத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்து ஊரில் தனியாக நின்றவர். பொதட்டூர்பேட்டையில் சொந்தக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் தங்கச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இல்லை என்று சொல்லி அனுப்பவில்லை. "கொஞ்ச நாள் பொறுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும், "போவட்டும்மா. தானா அழுதுகினு வந்து நிப்பா பாரு. அப்ப யாரும் நம்மளக் குத்தம் சொல்ல முடியாது" என்றார். அழுதுகொண்டு ஒரு தடவை வந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் கல்லூரி என்ற பேச்சே கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆகவே அவள் வரக் கூடாது. ஏதாவது ஒரு பொருள் இல்லாமல் போய், அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு அவள் ரயில் ஏறக் கூடாது. நான் பெட்டி கட்டியது அதற்காகத்தான்.

ஹாஸ்டல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி எங்களை வைத்திருந்த வாடகை வீடு. அங்கே முதல் ஷிப்டுக்குப் போனவளின் கட்டிலில், மூன்றாவது ஷிப்டு முடித்து வந்தவள் படுத்துக்கொள்வாள். தலையணையில் எவள் தலை எண்ணெயோ இருக்கும். பக்கெட் காணாமல் போகும், பிறகு வேறு மாடியில் வேறு ஒருத்தியிடம் அது பிறந்து வளர்ந்த மாதிரி இருக்கும். அதனால் நாங்கள் எல்லோரும் பக்கெட், மக்கு, சோப்பு டப்பா எல்லாவற்றிலும் நெயில் பாலிஷால் பேர் எழுதி வைத்திருப்போம். தங்கச்சிக்கும் அப்படியே எழுதினேன். சொந்தப் போர்வை, சொந்தத் தலையணை, இரண்டு உறை, குளியலறைக்குத் தனிச் செருப்பு, பூட்டு, அந்தப் பூட்டு தொலைந்தால் போட இன்னொரு பூட்டு, ஊக்கு, ஊசி நூல், சின்னக் கத்திரிக்கோல், கொசுவர்த்தி, காய்ச்சல் மாத்திரை, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, முறுக்கு. மாத்திரை போதுமா என்று மறுபடி ஒரு அட்டை. பக்கெட்டுக்குள் மக்கு, மக்குக்குள் சோப்பு டப்பா, சோப்பு டப்பாவுக்குள் ஊக்கு. காலி இடம் இருந்தால் பொருள் ஆடும், ஆடினால் உடையும்.

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. அச்சு கோணலாக விழுந்து ஒதுக்கிய ஒரு பெரிய பெட்டியையும், வெட்டி மிஞ்சிய பட்டையையும், கையால் இறுக்குகிற கருவியையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இன்னாம்மா, தங்கச்சிய காலேஜுக்கு அனுப்பறியா, ஜெர்மனிக்கு அனுப்பறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் பொருள் போய்ச் சேர்ந்த பிறகு நாம் கூட இருக்கப் போவதில்லை.

நைனா வீட்டில் தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். போர்வையும் தலையணையும் அடியில் போனது, மெத்தை மாதிரி. அதன்மேல் கனமானது, அதன்மேல் லேசானது. "அக்கா, பேஜாரு பண்ணாத. ஒரு சூட்கேஸ் போதும்" என்றாள். "சூட்கேஸ் ஜிப்பு பிச்சிக்கும்" என்றேன். "சோப்புக்கு எதுக்குக்கா அந்த வெள்ளப் பொட்டலம்?" "ஈரம் இழுக்கும்." "சோப்பு ஈரமாவாம எப்பிடிக்கா குளிக்கிறது?" பட்டையை இழுத்து இறுக்கினேன். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு. கிளிப் நசுங்கும் சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. நைனா வந்து விரலால் ஒரு பட்டையைச் சுண்டினார். வீணை மாதிரி ஒலித்தது.

எனக்கு லீவு கிடைக்கவில்லை; நைனாதான் கூடப் போனார். மறுநாள் முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து, அவள் போனுக்காக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வந்தது.

"அக்கா, பெட்டி தொறக்க மாட்டேங்குது."

"பட்டைய வெட்டுடி."

"எத்தால வெட்றது? கத்தி, பிளேடு எதுவும் உள்ள எடுத்தாரக் கூடாதுன்னு கேட்லயே சொல்லிட்டாங்க. பெட்டியத் தொறந்து காட்டச் சொன்னாங்க. தொறக்க முடியலன்னதும் வாட்ச்மேன் அண்ணன் சலிச்சிக்கினு உட்டுட்டாரு."

"கத்திரிக்கோலு வெச்சேனே."

"எங்க வெச்ச?"

"பெட்டிக்குள்ள" என்றேன்.

"பெட்டிக்குள்ள எங்க?"

"அடியில. தலகாணி ஒறைக்குள்ள."

நாங்கள் அனுப்புகிற பெட்டிகளைத் திறக்கிற இடத்தில் அதற்கென்றே கட்டர் தொங்குமாம். அங்கே ஆள் இருப்பான். எத்தனையோ வருஷமாக மூடிக்கொண்டே இருக்கிற எனக்கு, பெட்டியை ஒருத்தர் திறக்க வேண்டும் என்ற நினைப்பே வந்ததில்லை. அவள் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாற்றுத் துணி உள்ளே, துண்டு உள்ளே, சீப்பு உள்ளே. அறையில் மற்ற பெண்கள் இழுத்து வந்த சூட்கேஸ்களை ஜிப்பு திறந்து அடுக்கிக்கொண்டிருக்கும் சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு குரல் மாறிற்று. "அக்கா, நைனா இன்னும் ரயிலு ஏறியிருக்க மாட்டாரு. நான் ஸ்டேஷனுக்குப் போய்டறேன்கா. அவரோடயே வந்துர்றேன்."

எதற்குப் பயந்து நான் அத்தனையும் அடைத்தேனோ, அது நான் அடைத்ததாலேயே வந்து நின்றது. பக்குவமாக நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியவில்லை. கல்லூரி எப்படி இருக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்ல நான் எந்தக் கல்லூரியைக் கண்டேன்? காலையிலிருந்து நின்ற காலும், தூங்காத கண்ணும், எரிச்சல்தான் வந்தது. "வர்றதுன்னா பெட்டிய உட்டுட்டு வராத. அவ்ளோ பாடுபட்டு கட்டிக்கிறேன். தூக்கிக்கினு வா. ஒன்னால தூக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப அங்கயே கெட."

அடுத்த நாள் நைனா மட்டும் தனியாக வந்து வாசலில் துண்டை உதறிய சேதி தெரிகிறவரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் அந்த மாதம் பூராவும் "பொறுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர்களே பொறுக்கவில்லை.

பெட்டி திறந்த கதையை தங்கச்சி தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள். பக்கத்து அறையில் பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் வியாபாரம். கடைக்கு வரும் சரக்கெல்லாம் இப்படிப் பட்டை போட்டுத்தான் வரும். "கத்தி எதுக்கு? கொடி கட்ற கயிறு இருக்கா?" என்று கேட்டு, தன்னுடைய நைலான் கயிற்றைப் பட்டைக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்திருக்கிறாள். பட்டை சூடாகி இளகி அறுந்ததாம். அடுத்த பட்டைக்குக் கயிற்றின் ஒரு முனையில் இவள், மறு முனையில் அவள். கடைசிப் பட்டைக்கு வராந்தாவே வந்து நின்றிருக்கிறது. உள்ளேயிருந்து பக்கெட் வந்ததாம், பக்கெட்டுக்குள்ளிருந்து மக்கு, மக்குக்குள்ளிருந்து டப்பா, டப்பாவுக்குள்ளிருந்து ஊக்கு. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். "எல்லாத்துலயும் எம் பேருக்கா! அதுலேர்ந்து என்ன யாரும் பேரு கேக்கவே இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முறுக்கு அன்றைக்கே தீர்ந்துபோயிற்றாம். நைனாவும் சிரித்தார். அவள் அழுதுகொண்டு வந்து நிற்பாள் என்று அவர் போட்டிருந்த கணக்கு அந்தச் சிரிப்போடு விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது.

அவள் படித்து முடித்தாள். முதலில் பெங்களூரு, பிறகு புனே. அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். நல்ல பெண், போன் செய்யத் தவறுவதில்லை. வருவதுதான் இல்லை. வர முடியாததற்கு அவள் சொல்கிற காரணங்கள் எல்லாம் நிஜமானவை, ஒன்றைக்கூட நான் குறை சொல்ல முடியாது. விடுமுறை கிடைத்தால் நான்தான் கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ் மாறி, ரயில் மாறி, மறுபடி பஸ் ஏறி நைனாவைப் பார்க்கப் போகிறேன். அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். நான் உள்ளே நுழைந்ததும், "சின்னவ எப்ப வராளாம்?" என்றுதான் கேட்பார். வந்திருப்பவளிடம் வராதவளைப் பற்றிக் கேட்கிறாரே என்று முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அதற்கும் தெம்பில்லை. அவளுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று கட்டினேன். குறை இல்லாதவள் எதற்காக வர வேண்டும்?

இந்த வருஷம் என் மகள் திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப் போவது என்று நான் ஆரம்பித்ததுமே போனைத் தூக்கிக் காட்டினாள். யாரோ ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டே துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "ம்மா, நீ கையே வெக்காத. நீ பேக் பண்ணா தொறக்கறதுக்கு ஊரே வரணும்னு சித்தி சொல்லிச்சி." நான் தள்ளி உட்கார்ந்தேன். மூன்றாவது ஷிப்டு முடித்து வந்த களைப்பு. சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்று, முதுகுப் பை ஒன்று. நெயில் பாலிஷுக்கு வேலையே இல்லை. அவள் குளிக்கப் போனபோது சூட்கேஸைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. மருந்துகூட வைத்திருந்தாள், நல்லபடியாகத்தான் அடுக்கியிருந்தாள். மேலாக அவளுடைய நீலப் போர்வை மடித்துக் கிடந்தது. அதில்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதை எடுத்து அலமாரிக்குள் என் புடவைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டை வைத்து ஜிப்பை இழுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைக் குறைத்து அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கே போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த நாள் பகலில் வந்தது. சாப்பாடு பரவாயில்லை, அறையில் நல்ல காற்று, கூட இருப்பவள் குறட்டை விடுகிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நானாகவே கேட்டேன், "போர்வைய உட்டுட்டுப் போய்ட்ட போலருக்கே? அடுத்த சனிக்கெழம வந்து எடுத்துக்கினு போறியா?"

"அதுக்கா அவ்ளோ தூரம் வருவாங்க? நேத்தே ஆன்லைன்ல போட்டுட்டேன்மா. இதோ இப்பதான் வந்துச்சி. சூப்பரா இருக்குது, இன்னும் சாஃப்டா."

"சரிம்மா" என்றேன். "நல்லா போத்திக்கினு தூங்கு."

வெளியே ஆனி மாத வெயில். மின்விசிறி சுற்றியும் அறை புழுங்கிக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறந்து நீலப் போர்வையை எடுத்தேன். மறுபடி ஷிப்டுக்குப் போகும்வரை தூங்க வேண்டும். அந்தப் புழுக்கத்திலும் அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.